ஹாம்பர்க் துறைமுகத்தின் பிறந்தநாளும் ஒரு போலி ஆவணமும்

ஹாம்பர்க் துறைமுகம் 1189 மே 7 அன்று நிறுவப்பட்டது என்று ஓரிடத்திலும், ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கே ஊர் இருந்தது என்று வேறோரிடத்திலும் படித்ததாகவும், இரண்டில் எது சரி என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடவே, கடலிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உள்ளே ஆற்றங்கரையில் இருக்கும் ஓர் ஊர் எப்படி ஜெர்மனியின் மிகப் பெரிய துறைமுகமாக வளர்ந்தது என்பதும் உங்கள் ஐயம். இவை இரண்டு கேள்விகளாகத் தோன்றினாலும் என் பார்வையில் ஒன்றுதான். ஓர் ஆற்றங்கரை ஊர் அந்த ஆற்றின் மீது தனக்கு உரிமை உண்டு என்று எப்போது, எதை ஆதாரமாகக் காட்டிச் சொல்லத் தொடங்கியது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது.

நான் வணிகக் கப்பல்களில் அதிகாரியாகவும் பின்னர் கேப்டனாகவும் கால் நூற்றாண்டுக்கு மேல் பணிபுரிந்தவன். எல்பே ஆற்றில் பலமுறை ஏறி இறங்கியிருக்கிறேன். ஆற்றையும் ஓதத்தையும் (கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கத்தையும்) துறைமேடைகளையும் பற்றி நான் சொல்வது தொழிலில் கற்றது. வரலாறு அந்த ஊரின் மீது ஏற்பட்ட ஈடுபாட்டால் பிற்பாடு படித்தது. இடைக்கால லத்தீன் ஆவணங்களை நேரடியாக வாசிக்கும் பயிற்சி எனக்கு இல்லாததால், அவற்றைப் பொறுத்தவரை ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொண்ட முடிவுகளையே இங்கே தருகிறேன்.

முதலில் ஒன்பதாம் நூற்றாண்டு. ஹம்மாபுர்க் என்ற பெயரில் மண்மேடும் மரவேலியும் சூழ்ந்த ஒரு சிறு கோட்டை அங்கே இருந்தது உறுதி. அதைச் சார்லமேன் பேரரசர் நிறுவினார் என்ற கதை நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. ஆனால் அவருக்கு முன்பே அந்த மேட்டில் மக்கள் குடியிருந்ததற்கான தடயங்களை அகழாய்வு காட்டியிருக்கிறது. பழைய பேராலயம் நின்ற திடலில், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பல கட்டங்களாகத் தோண்டினார்கள். 2005, 2006 ஆண்டுகளின் அகழாய்வையும் பழைய தரவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னர், 2014-இல்தான் ஹம்மாபுர்க் இருந்த இடம் இதுவே என்று தொல்லியலாளர்கள் அறிவித்தார்கள். கிறித்தவ மதத்தை வடக்கே கொண்டுசெல்ல அனுப்பப்பட்ட அன்ஸ்கார் என்ற துறவி 830-களில் அங்கே ஆயராக இருந்தார். அது 831-ஆ, 834-ஆ, அவருக்கு அப்போதே பேராயர் பதவி இருந்ததா என்பதில் இன்றும் வழக்கு முடியவில்லை. அந்தத் திருச்சபையின் தொடக்கக்கால ஆவணங்களில் பிற்காலத்தவர் கைவைத்திருக்கிறார்கள் என்பதே காரணம். 845-இல் டேனிய வைக்கிங்குகள் ஆற்றின் வழியே ஏறிவந்து கோட்டையையும் தேவாலயத்தையும் கொளுத்தினார்கள். அன்ஸ்கார் தப்பி ஓடி, பின்னர் பிரேமனில் இருந்தபடி பணியைத் தொடர்ந்தார். ஆகவே ஒன்பதாம் நூற்றாண்டில் ஊர் இருந்தது உண்மை. ஆனால் அது சில நூறு பேர் வாழ்ந்த எல்லைக் காவலிடம். படகுகள் வந்து போயிருக்கும், சந்தை கூடியிருக்கும். அதைத் துறைமுக நகரம் என்று சொல்ல நான் தயங்குவேன்.

அந்த இடத்தின் அருமையைப் புரிந்துகொள்ள ஆற்றைப் பார்க்க வேண்டும். எல்பே ஆறு செக் நாட்டு மலைகளில் பிறந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி வட கடலில் கலக்கிறது. ஹாம்பர்க் அருகே அது பல கிளைகளாகப் பிரிந்து, நடுவில் தாழ்வான சதுப்புத் தீவுகளை விட்டுச் செல்கிறது. வடகரையில் மட்டும் வெள்ளம் எட்டாத மணல்மேடு ஆற்றை நெருங்கி வருகிறது. அங்கேயே ஆல்ஸ்டர் என்ற சிற்றாறும் வந்து சேர்கிறது. கடலின் ஓதம் இவ்வளவு தூரமும் ஏறி வருவதால், ஏற்றத்தோடு உள்ளே மிதந்து வந்து வற்றத்தோடு வெளியே போகலாம். பாய்மரக் காலத்துக் கப்பல்களுக்கு இது ஒரு கொடை. இன்றைக்கும் ஆழமாக மிதக்கும் பெரிய கப்பல்கள் ஓத நேரத்தைக் கணக்கிட்டுத்தான் ஆற்றில் நுழைகின்றன. கழிமுகத்துக்கு வெளியே, ஆற்றில் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் ஒருவர் ஏறுவார், பாதி வழியில் புருன்ஸ்பியூட்டல் அருகே இன்னொருவர் மாறுவார், நகரை நெருங்கும்போது துறைமுகத்துக்கான பைலட் தனியாக ஏறுவார். வேடல் என்ற சிற்றூரைக் கடக்கையில் கரையிலிருந்து கப்பலின் கொடிக்குரிய நாட்டின் தேசிய கீதத்தை ஒலிக்கவிட்டு வரவேற்பார்கள். 1952 முதல் நடக்கும் வழக்கம் அது. முதல் தடவை கேட்டபோது என் கையிலிருந்த தேநீர் ஆறிப்போனது நினைவிருக்கிறது.

கடலிலிருந்து உள்ளே தள்ளி இருப்பது குறை என்று நமக்குத் தோன்றக் காரணம், இன்றைய பெரிய கப்பல்களை நினைத்துப் பார்ப்பதுதான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கப்பல்கள் சிறியவை, தரைவழிப் பயணம் கடினமானது. கப்பல் எவ்வளவு உள்ளே போகுமோ அவ்வளவுக்கு மாட்டுவண்டிக் கூலி மிச்சம். புயலுக்கும் கொள்ளைக்கும் ஒதுக்கிடமும் ஆயிற்று. இதைவிட முக்கியமானது லூபெக். பால்டிக் கடலோரத்து அந்த நகரம் ஹாம்பர்க்கிலிருந்து சுமார் அறுபது கிலோமீட்டர்தான். டென்மார்க்கின் வட முனையைச் சுற்றிப் போகும் ஆபத்தான கடல்வழியைத் தவிர்க்க, சரக்கை லூபெக்கில் இறக்கி வண்டியில் ஏற்றி ஹாம்பர்க்கில் மறுபடி கப்பலேற்றினார்கள். ஹாம்பர்க்கின் முதல் செல்வம் இந்தக் குறுக்குவழியில் வந்ததே.

இனி 1189. ஷவும்புர்க் குடும்பத்தைச் சேர்ந்த மூன்றாம் அடோல்ஃப் என்ற பிரபு, ஏறத்தாழ 1188-இல், பேராயரின் பழைய ஊருக்கு எதிரே, ஆல்ஸ்டரின் மறுகரையில் வணிகர்களுக்கென்று ஒரு புதிய குடியிருப்பை அமைக்கச் செய்தார். பொய்ட்சன்புர்க்கைச் சேர்ந்த விராட் என்பவரிடம் அந்தப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. மனைகள் பிரித்துத் தரப்பட்டன. ஆல்ஸ்டரின் ஒரு கிளையான நிகோலாய் ஓடைதான் புதிய ஊரின் படகுத்துறை. வணிகர்கள் வந்து குடியேற வேண்டுமானால் சலுகை வேண்டும். அந்தச் சலுகையைச் சிலுவைப் போருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த பிரெடெரிக் பார்பரோசா பேரரசர் 1189 மே 7 அன்று எழுதித் தந்ததாக ஓர் ஆவணம் ஹாம்பர்க்கின் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. கடலிலிருந்து நகரம் வரை எல்பே ஆற்றில் நகரத்தாரின் கப்பல்களும் சரக்கும் சுங்கமின்றி வரலாம். நகரைச் சுற்றி இரண்டு மைல் தொலைவுக்குள் வேறெவரும் கோட்டை கட்டக் கூடாது. ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமை உண்டு என்றெல்லாம் அது சொல்கிறது. துறைமுகத்தின் பிறந்தநாள் என்று ஆண்டுதோறும் கொண்டாடுவது இந்தத் தேதியைத்தான்.

சிக்கல் என்னவென்றால், அந்த ஆவணம் போலி. கையெழுத்தின் அமைப்பையும் வாசகத்தையும் ஆராய்ந்தவர்கள், அது பார்பரோசா இறந்து முக்கால் நூற்றாண்டுக்குப் பின், 1265-ஐ ஒட்டி எழுதப்பட்டது என்கிறார்கள். இதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. பேரரசர் வாய்மொழியாகவோ வேறு வடிவிலோ ஏதேனும் ஒரு சலுகையை உண்மையிலேயே தந்திருந்தாரா என்பதுதான் விவாதத்துக்குரியது. தந்திருக்கலாம் என்று கருதுவோர் பலர். எனக்கும் அது நம்பத்தக்கதாகவே படுகிறது, ஏனெனில் எந்தச் சலுகையும் இல்லாத சதுப்பு நிலத்துக்கு வணிகர்கள் தாங்களாக வந்திருப்பார்கள் என்று நினைக்கக் கடினமாக இருக்கிறது. ஆனால் இது என் ஊகம், சான்று அல்ல.

போலியை எதற்காக எழுதினார்கள் என்பது தேதியைக் காட்டிலும் சுவையானது. ஆற்றின் கீழ்ப்பகுதியில், கடலுக்கு அருகில், ஷ்டாடே என்ற ஊர் இருந்தது. பிரேமன் பேராயரின் ஆதரவுடன் அவ்வூர் ஆற்றில் போகும் கப்பல்களிடம் சுங்கம் கேட்டது. ஹாம்பர்க்கைவிடக் கடலுக்கு அருகில் இருந்ததால் இயற்கை அமைப்பு ஷ்டாடேவுக்கே சாதகம். அதை வெல்ல, ஒரு பேரரசரின் முத்திரையோடு கூடிய பழைய உரிமை தேவைப்பட்டது. நகரத்தார் அதைத் தயாரித்துக்கொண்டார்கள். இடைக்காலத்தில் இப்படிச் செய்வது அபூர்வமான குற்றம் ஒன்றும் அல்ல. மடங்களும் நகரங்களும் தங்களுக்கு ‘இருந்திருக்க வேண்டிய’ ஆவணங்களை எழுதிக்கொண்டது அடிக்கடி நடந்திருக்கிறது. அதன் பிறகு நகரம் இந்த உரிமையைத் தாளில் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. கழிமுகத்துக்கு வெளியே நோய்வெர்க் என்ற சிறு தீவில் 1310-இல் ஒரு கற்கோபுரத்தைக் கட்டி முடித்தது. 1394-இல் இன்றைய குக்ஸ்ஹாஃபன் பகுதியையும் பிடித்துக்கொண்டது. நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்த நோய்வெர்க் தீவு இன்றும் ஹாம்பர்க் நகரின் ஒரு பகுதி.

1241-இல் லூபெக்குடன் செய்துகொண்ட உடன்படிக்கை, பின்னாளில் ஹன்சா என்ற வணிக நகரங்களின் கூட்டணி உருவாக வழிவகுத்தவற்றில் ஒன்று. லுனெபுர்க் உப்பு, ஸ்கானியா கடலோரத்து ஹெர்ரிங் மீன், கிழக்கிலிருந்து தானியமும் மரமும், மேற்கிலிருந்து துணி என்று சரக்குகள் கைமாறின. ஹாம்பர்க் தானே உற்பத்தி செய்து ஏற்றுமதி செய்தது பீர். பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நானூறுக்கு மேற்பட்டோர் அங்கே பீர் காய்ச்சும் தொழிலில் இருந்தார்கள். நீங்கள் அங்கே போனால் ஷ்டோர்ட்டபெக்கர் என்ற கடற்கொள்ளையனின் கதையையும் கேட்பீர்கள். தலை வெட்டப்பட்ட பின்னும் எழுந்து தன் தோழர்கள் முன் நடந்தான் என்பார்கள். 1400-ஐ ஒட்டிக் கடற்கொள்ளையர் பலர் ஆற்றோரத்தில் தலை வெட்டப்பட்டது உண்மை. அந்தப் பெயருடைய தலைவன் அவர்களில் இருந்தானா என்பதே ஐயத்துக்குரியது. தலையில்லாமல் நடந்ததைப் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் கடல்வழிகள் திறந்தபோது பால்டிக்கை நம்பியிருந்த லூபெக் தளர்ந்தது. வட கடலைப் பார்த்திருந்த ஹாம்பர்க் எழுந்தது. 1558-இல் சரக்குச் சந்தை, 1567-இல் ஆங்கிலேயத் துணி வணிகர் குழுவுக்கு இடம், 1585-இல் ஆன்ட்வெர்ப் ஸ்பானியரிடம் வீழ்ந்ததும் அங்கிருந்து ஓடிவந்த நெதர்லாந்து வணிகர்கள், ஐபீரியாவில் துன்புறுத்தப்பட்ட போர்த்துகீசிய யூதர்கள், 1619-இல் ஒரு வங்கி என்று இரண்டு தலைமுறைக்குள் ஊரின் முகமே மாறிவிட்டது. லூத்தரன் ஊரான ஹாம்பர்க் பிற மதத்தவரை அன்பினால் வரவேற்கவில்லை. அவர்களிடம் இருந்த முதலும் தொடர்புகளும்தான் கதவைத் திறந்தன. முப்பதாண்டுப் போர் தொடங்குவதற்குச் சற்று முன்னரே ஒரு டச்சுப் பொறியாளரைக் கொண்டு மதில் எழுப்பத் தொடங்கியதால், ஜெர்மனி முழுதும் எரிந்தபோதும் அந்நகரம் எவரிடமும் வீழவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் கரீபியத் தீவுகளில் அடிமைகள் விளைவித்த கரும்பிலிருந்து வந்த கச்சாச் சர்க்கரை பிரெஞ்சுத் துறைமுகங்கள் வழியாக வந்து, ஹாம்பர்க்கின் ஆலைகளில் சுத்திகரிக்கப்பட்டது. அந்தச் செல்வத்தின் இந்த மூலத்தை ஊரார் வெகுகாலம் பேசாமலே இருந்தார்கள். நெப்போலியன் காலத்து முற்றுகையும் 1814 வரை நீடித்த பிரெஞ்சு ஆட்சியும் வணிகத்தை அடியோடு முடக்கின. ஆனால் அதற்குப் பின் விடுதலை பெற்ற தென் அமெரிக்க நாடுகளுடனான நேரடி வணிகம் இழந்ததை மீட்டுத் தந்தது.

1842 மே மாதத் தொடக்கத்தில் நான்கு நாட்கள் எரிந்த பெருந்தீ பழைய நகரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அழித்தது. ஊரைத் திரும்பக் கட்டியபோது ஆங்கிலப் பொறியாளர் வில்லியம் லிண்ட்லி நவீனக் கழிவுநீர்க் கால்வாய்களை அமைத்தார். துறைமுகத்தை நாம் இன்று பார்க்கும் வடிவுக்குக் கொண்டுவந்தவர் யோஹன்னஸ் டால்மன் என்ற நீர்ப் பொறியாளர். அதுவரை கப்பல்கள் ஆற்றின் நடுவே மரத்தூண்களில் கட்டப்பட்டு நிற்கும். சரக்கைச் சிறு படகுகளுக்கு மாற்றிக் கரைக்கோ கால்வாய்க் கிடங்குகளுக்கோ கொண்டுபோவார்கள். லண்டனைப் போல மதகுகள் வைத்து நீர்மட்டத்தை நிலைப்படுத்தும் மூடிய துறைகள் வேண்டும் என்று ஒரு சாரார் வலியுறுத்தினார்கள். ஹாம்பர்க்கில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் லண்டனில் உள்ளதைவிடக் குறைவு. ஆகவே மதகு தேவையில்லை, கப்பல்கள் எந்நேரமும் திறந்த துறைக்குள் வரலாம் என்று டால்மன் வாதிட்டு வென்றார். 1866-இல் திறக்கப்பட்ட சான்ட்டோர் துறையில் கப்பல் நேராகத் துறைமேடையை ஒட்டி நின்றது. நீராவிக் கிரேன் சரக்கைத் தூக்கியது. பின்னாலேயே ரயில் பாதை இருந்தது. நான் பார்த்த எத்தனையோ துறைமுகங்களின் அடிப்படை அமைப்பு இதுவே. நேரத்தை நம்பிப் பிழைக்கும் எங்கள் தொழிலில், மதகுக்கு முன்னால் காத்திருக்காத ஒவ்வொரு மணி நேரமும் பணம். டால்மனின் முடிவை நான் மெச்சுவதற்கு அது ஒன்றே போதும்.

இங்கே சுங்கம் மறுபடி கதைக்குள் வருகிறது. 1871-இல் ஜெர்மன் பேரரசு உருவானபோது ஹாம்பர்க் அதில் சேர்ந்தது, ஆனால் பேரரசின் சுங்க எல்லைக்கு வெளியே நின்றது. பேரரசின் தலைமையமைச்சர் பிஸ்மார்க்கின் நெருக்கடிக்குப் பின் 1881-இல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது: நகரம் சுங்க எல்லைக்குள் வரும், துறைமுகத்தின் ஒரு பகுதி மட்டும் சுங்கமற்ற தனிப்பகுதியாக இருக்கும். அந்தப் பகுதிக்குள் கிடங்குகள் கட்டுவதற்காக, ஆற்றோரம் தலைமுறைகளாக வாழ்ந்த சுமார் இருபதாயிரம் பேரின் வீடுகள் இடிக்கப்பட்டன. செங்கல்லில் எழுந்த ஷ்பைஹர்ஷ்டாட் என்ற அந்தக் கிடங்கு நகரத்தை 1888 அக்டோபரில் இரண்டாம் வில்ஹெல்ம் பேரரசர் திறந்துவைத்தார். 2015 முதல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் அந்தச் சிவப்புக் கட்டடங்களுக்கு அடியில் ஒரு குடியிருப்பு இருந்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீடிழந்தவர்களில் பலர் ஏற்கெனவே நெரிசலாக இருந்த சந்துகளுக்குள் போய் அடைந்தார்கள். 1892-இல் வாந்திபேதி பரவியபோது எட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஹாம்பர்க் எல்பே நீரை வடிகட்டாமல் குழாயில் விட்டுக்கொண்டிருந்தது. அடுத்தாற்போல் இருந்த ஆல்டோனா மணல்வடிகட்டி வைத்திருந்தது. ஒரே தெருவின் ஒரு பக்கம் நோயும் மறுபக்கம் நலமுமாக இருந்ததை ராபர்ட் கோஹ் சுட்டிக்காட்டினார். துறைமுகத்துக்குச் செலவழிக்கத் தயங்காத வணிகர் மன்றம் குடிநீர் வடிகட்டிக்குக் கணக்குப் பார்த்தது என்பதே இதில் எனக்குப் படும் உண்மை.

அந்தக் காலத்தில்தான் ஹாபாக் என்ற கப்பல் நிறுவனம், ஆல்பர்ட் பாலின் தலைமையில், உலகிலேயே மிகப் பெரியதாக வளர்ந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஏழைகள் அதன் முக்கியப் பயணிகள்; அவர்கள் தங்குவதற்காக 1901-இல் ஃபெடல் தீவில் தனிக் கூடங்கள் எழுந்தன. பாலின் யூதர், பேரரசருடன் பழகியவர், முதல் உலகப் போரில் தான் கட்டியெழுப்பியதெல்லாம் சிதைந்த நிலையில், 1918 நவம்பர் 9 அன்று, பேரரசு கவிழ்ந்த நாளிலேயே, நஞ்சு உட்கொண்டு இறந்தார். நாஜி ஆட்சியில், 1937-இல், ஆல்டோனா, ஹார்புர்க், வான்ட்ஸ்பெக் ஆகிய ஊர்கள் ஹாம்பர்க்குடன் இணைக்கப்பட்டன. இன்றைய நகர எல்லை பெரும்பாலும் அப்போது வரைந்ததே. நகருக்குத் தென்கிழக்கே நோயன்காம வதைமுகாமின் கைதிகள் செங்கல் சுட்டும் கால்வாய் வெட்டியும் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். 1943 ஜூலை இறுதியில் நேச நாட்டு விமானங்கள் மூட்டிய தீப்புயலில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். போர் முடிந்தபோது துறைமுகத்தின் பெரும்பகுதி இடிபாடாகவும், நீருக்கடியில் மூழ்கிய கப்பல்களாகவும் கிடந்தது.

ஆனால் இந்த இடிபாடுகளைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. ஜெர்மனி பிரிக்கப்பட்டதால் நகருக்குச் சில பத்து கிலோமீட்டர் கிழக்கே எல்லை வேலி வந்துவிட்டது. எல்பே ஆறு எந்த நிலப்பரப்பிலிருந்து சரக்கைக் கொண்டுவந்ததோ, அது அந்தப் பக்கம் போய்விட்டது. 1962 பிப்ரவரியில் வட கடல் புயல் ஓதத்தைத் தள்ளிக்கொண்டு வந்து கரைகளை உடைத்தபோது நகரில் முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கன்டெய்னர் யுகத்துக்கும் ஹாம்பர்க் சற்றுத் தயங்கியே வந்தது. ஜெர்மனிக்கு வந்த முதல் கன்டெய்னர் கப்பல் 1966-இல் பிரேமனுக்குத்தான் போனது. ஹாம்பர்க்கில் ‘அமெரிக்கன் லான்சர்’ என்ற கன்டெய்னர் கப்பல் 1968 மே 31 அன்று வந்து நின்றது. அதன் பிறகு அகலமான நிலம் தேவைப்பட்டதால் துறைமுகம் தெற்கே, ஆற்றின் மறுகரைக்கு நகர்ந்தது. 1990-க்குப் பின் எல்லை நீங்கியதும் போலந்தும் செக் நாடும் பால்டிக் நாடுகளும் மறுபடி அதன் பின்னிலமாயின, அதாவது அதன் வழியே சரக்கை அனுப்பிப் பெறும் உள்நாட்டுப் பகுதிகளாயின. 1895-இல் திறந்த கீல் கால்வாய் வழியே சிறு கன்டெய்னர் கப்பல்கள் பால்டிக்குக்குச் சரக்கைப் பிரித்துக் கொண்டுபோகின்றன. லூபெக் வண்டிப்பாதை செய்த வேலையையே அவை செய்கின்றன என்று பைலட் ஒருவர் என்னிடம் ஒருமுறை சொன்னார்.

இன்று ராட்டர்டாமும் ஆன்ட்வெர்ப்பும் ஹாம்பர்க்கைவிட அதிகக் கன்டெய்னர்களைக் கையாளுகின்றன. ஆறு, நகரை வளர்த்த அதே ஆறு, இப்போது பெரிய கப்பல்களுக்குப் போதாமல் இருக்கிறது. அண்மையில் முடிந்த ஆழப்படுத்தும் பணி பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் நின்றது; அதற்கான தடைகளில் ஒன்று, எல்பேயின் ஓதக் கரையைத் தவிர உலகில் வேறெங்கும் வளராத ஒரு சிறு நீர்ச்செடி. ஆழப்படுத்த ஆழப்படுத்த ஓதம் வேகமாக ஏறி வண்டலை உள்ளே தள்ளுகிறது, மறுபடி தூர்வார வேண்டியிருக்கிறது. இந்தப் போட்டியில் நகரம் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்பதில் என்னோடு பணிபுரிந்தவர்களே ஒத்த கருத்துடன் இல்லை. நான் ஐயப்படுபவர்கள் பக்கம். சுங்கமற்ற தனிப்பகுதியும் 2013 ஜனவரி 1 அன்று நீக்கப்பட்டது.

மே மாதம் அங்கே போகவிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 1977 முதல் ஆண்டுதோறும் நடக்கும் பிறந்தநாள் விழா மே 7-ஐ ஒட்டியே வரும். தேதிக்கு ஆதாரம் போலி என்பது ஊராருக்குத் தெரியும், விழாவில் அதனால் ஒரு குறையும் இல்லை. கூட்டத்திலிருந்து விலகி, பழைய நகரின் நடுவே உள்ள டிரோஸ்ட் பாலத்துக்குப் போங்கள். பேராயரின் ஊரையும் பிரபுவின் ஊரையும் இணைத்த இடம் அது. பாலத்தின் ஒரு பக்கம் அன்ஸ்காரின் சிலையும் மறுபக்கம் மூன்றாம் அடோல்ஃபின் சிலையும் இருக்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டா, 1189-ஆ என்ற உங்கள் கேள்விக்கு ஊரார் இருவரையும் நிறுத்திவைத்திருக்கிறார்கள். கீழே பாருங்கள்: வற்ற நேரமானால் சேறு தெரியும் ஒடுங்கிய நிகோலாய் ஓடை. துறைமுகம் என்று நான் சொல்லத் துணியும் முதல் துறை அதுதான்.